மணல் காட்டில் நின்றவர்கள்

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு வாய்த்த ஒரே ஊர்சுற்றல் ஒரு சாவுக் காரியத்துக்காகப் போனது. சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் வேறு எதற்கு வெளியே விடுவார்கள்?

எங்கள் ரப்பர் தோட்டம் கோலா சாவா பக்கம். என் கணவரின் அண்ணனைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படிப் போனவர்களுக்காக எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு வழக்கம் உண்டாக்கி வைத்திருந்தார்கள். மம்பாவ் தாண்டிக் கைவிட்ட ஈயச் சுரங்கம் ஒன்று இருந்தது. மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்துக்கொண்டு, மணலை மட்டும் கொட்டிவிட்டுப் போன இடம். புல்கூட முளைக்காத வெள்ளை மணல் காடு. அங்கே முனியாண்டி சிலைக்குப் பக்கத்தில், சயாமுக்குப் போன புருஷனுக்குக் களிமண்ணில் ஓர் உருவம் பிடித்து நிறுத்த வேண்டும். ஆள் உயிரோடு இருக்கும்வரை அது நிற்கும். செத்துப்போனான் என்று தெரிந்தால் பெண்டாட்டி தன் கையாலேயே அதை மணலில் படுக்க வைக்க வேண்டும். தாலியைக் கழற்றுவது, கருமாதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன், அண்ணனைக் காலராக் கொட்டகையில் பார்த்ததாகவும், பிழைத்திருக்க வழியே இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனான். சில நாள் கழித்து என் மாமியார் அண்ணன் மனைவியைக் கூப்பிட்டு, "போயிப் படுக்க வச்சிட்டு வா, தாயி. எம்புள்ள ஆவியா அலைய வேணாம்" என்றார். நான் அக்கா என்று கூப்பிடும் அவருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள்.

வீட்டில் கிழியாத சேலை ஒன்றுதான். அதை அக்கா கட்டிக்கொண்டார். நான் சாக்குத்துணி ஒட்டுப்போட்ட பாவாடையில் ராணி மாதிரி நடந்தேன். தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வெளியே வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். அதை மறைக்கத் தெரியாத வயசு. அக்கா வழி முழுக்கப் பேசவில்லை. மர நிழலில் உட்கார்ந்து அவித்த மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிட்டபோது மட்டும், "மொளகா பத்தல" என்றார்.

மணல் காட்டுக்குள் இறங்கியதும் வெயிலில் கண் கூசியது. சற்றுத் தூரத்தில் பூட்ஸும் தொப்பியுமாக ஒருத்தன் நின்றான். ஜப்பான் சிப்பாய்! இரண்டு பேரும் இடுப்பு வளையக் குனிந்தோம். சரியாகக் குனியாவிட்டால் கன்னத்தில் அறை விழும். அவன் போகச் சொல்வான், போகச் சொல்வான் என்று குனிந்தே கிடந்தோம். சத்தமே இல்லை. அக்கா ஓரக்கண்ணால் பார்த்தார். அவ்வளவுதான், அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அடியே, நம்ம முனியாண்டிடி! சாமிக்கே ஜப்பான் சலாம் போட்டுட்டோமே லா!"

பூட்ஸ் போட்ட சாமிக்கு யாரோ மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தொப்பியும் வைத்திருந்தார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மனுஷி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சாமிக்குப் பின்னால்தான் அவர்கள் நின்றார்கள். இடுப்பு உயர ஆம்பிளைகள், கோயில் திருவிழாக் கூட்டம் மாதிரி. ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தின் உடைந்த ஓடுகள்தான் கண். தேங்காய் நார் தலைமுடி. ஒருவருக்கு உடைந்த பாட்டில் கண்ணாடியில் சட்டைப் பொத்தான். ஒருவர் கையில் கள்ளுப் போத்தலே இருந்தது. செய்த மகராசிக்குப் புருஷன் மேல் கோபம் தீரவில்லை போலிருக்கிறது. நான் வந்த வேலையை மறந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனேன்.

"வலது காது கொஞ்சம் மடங்கியிருக்கும்" என்றார் அக்கா. "பாத்துப் பாத்து வச்சேன்."

தேடினோம். அங்கேதான் வம்பு. மழையில் கரைந்துவிடக் கூடாதே என்று, வருகிறவர்கள் எல்லாம் தங்கள் ஆளோடு சேர்த்துப் பக்கத்து ஆளுக்கும் ரப்பர் பாலை ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். சண்டை வந்தபின் வாங்க ஆளில்லாத பால்தானே, தாராளமாகவே ஊற்றியிருந்தார்கள். சாய்ந்தவர்களைத் தூக்கி, இடம் கண்ட இடத்தில் நிறுத்தியுமிருந்தார்கள். பால் காய்ந்து, பழுத்து, தோல் மேல் தோலாகப் படிந்து, மூக்கும் காதும் உள்ளே போய்விட்டன. எல்லாருக்கும் ஒரே முகம்.

அக்கா ஒவ்வொரு காதாகத் தடவிப் பார்த்தார். கடைசியில் ஓர் உருவத்தின் தோளைப் பிடித்து மெல்லச் சாய்த்தார். பாதியில் அவர் கை நின்றது.

"இது அவரில்லேன்னா?"

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எவளோ ஒருத்தி பொட்டு வச்சுக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருப்பா, பிள்ள. அவ புருஷன நான் எப்படிப் படுக்க வைக்கிறது?"

அதை நிமிர்த்தி, காலடியில் மணலைக் குவித்துத் தட்டினார். பக்கத்தில் சாய்ந்திருந்த இன்னொருவரையும் நிமிர்த்தினார். திரும்பி வரும்போது எனக்குப் பயம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். அக்கா மட்டும் வீசி நடந்தார்.

மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். "படுக்க வச்சிட்டியா?"

"ஆளு அடையாளம் தெரியல அத்தை" என்றார் அக்கா. "எல்லாரும் நிக்கிறாங்க. அதுல அவரும் நிக்கிறாரு."

திட்டு விழும் என்று நான் அக்காவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மாமியார் அக்காவின் கழுத்தில் கிடந்த தாலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கை கால் கழுவிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் கிழங்கைத் தட்டில் வைத்தேன். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து பேருக்குக் கொறித்துவிட்டு எழுந்துகொண்டிருந்த மாமியார், தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வையி" என்று நீட்டினார்.