காஜாவுக்கு ஒரு வீடு

டெய்லரக்கா கதவை முழுசாகத் திறக்க மாட்டார். சாண் அகலம் திறந்து, அந்தச் சந்தில் முதலில் காலை வைத்து அடைப்பார். பிறகுதான் முகம் தெரியும். "சீக்கிரம் வாங்க, சீக்கிரம்!" பேன்ட் நீளத்தைக் குறைக்க வருகிறவர்கள், அந்த நாலாவது மாடி வீட்டுக்குள் திருடனைப் போல ஒருக்களித்து நுழைய வேண்டும்.

எல்லாம் விலங்குகள் காப்பகத்திலிருந்து வந்த சாம்பல் பூனைக்காக. வெயிலில் அதன் கண்மணி பொத்தான் துளை மாதிரி ஒடுங்குகிறதாம். அதனால் தையல்காரர் வழக்குப்படி காஜா என்று பெயர் வைத்துவிட்டார். ஆனால் பூனை இன்னும் அவருடையது இல்லை. கொஞ்ச நாள் வைத்திருங்கள், வீட்டை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றுதான் கொடுத்தார்கள்.

வந்த புதிதில் அது பீரோவுக்கு அடியைவிட்டு நகரவில்லை. அக்கா தரையில் குப்புறப் படுத்து அதனிடம் ஊர்க்கதை பேசினார்.

"பேசாம மீன் வளர்த்திருக்கலாம். கண்ணுலயாவது பட்டிருக்கும்" என்றார் கணவர்.

"கல்யாணமான புதுசுல நீங்களும் பேப்பருக்குப் பின்னாடியேதான் இருந்தீங்க. நான் துரத்தியா விட்டேன்?"

அக்காவுக்குப் பயம் ஒன்றா இரண்டா! ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தார். துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடுமுன் உள்ளே கையைவிட்டுத் துழாவுவார். வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெங்கும் இழுப்பார். ஊசி ஒன்றுகூடத் தப்பாது. ஆனால் காந்தத்தில் நூல் ஒட்டாது. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

போன வாரம் காஜாவின் வாயோரம் ஒரு நீல நூல் தொங்கியது. பிடித்து இழுக்கப் போனவர், எதற்கும் கேட்போமென்று கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார். "இழுக்காதீங்கம்மா, குடல் அறுந்துடும்!" மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். பூனை அன்று மாலையே எழுந்து சாப்பிட்டது. அக்காவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இன்று காப்பகத்துப் பெண் வந்தாள். வலையைத் தட்டிப் பார்த்தாள், காந்தத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இவ்வளவு ஜாக்கிரதையா யாரும் பாத்துக்க மாட்டாங்கக்கா."

அக்கா கணவரைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று அவர் கண்ணைக் காட்டினார்.

"போன வாரம் நூலை முழுங்கிடுச்சும்மா" என்றார் அக்கா. "நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. "தைக்கிறதுக்குத் தனி ரூம் இருக்கா?"

"இருக்கறதே இந்த ஒரு ரூம்தான்."

"அப்ப இப்போதைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்க்கா. மெஷினைச் சுத்தி ஒரு தடுப்பு போட்டுட்டுக் கூப்பிடுங்க. பாக்கலாம்."

"பாக்கலாம்னா? தருவீங்களா?"

அவள் கொண்டுவந்திருந்த பூனைப் பையைத் திறந்தாள். "வாய் சும்மா இருந்தாத்தானே!" என்று முணுமுணுத்தபடி கணவர் பால்கனிப் பக்கம் போய்விட்டார்.

காஜா பைக்குள் போய்ப் பந்தாகச் சுருண்டது. அவள் ஜிப்பை இழுத்து மூடினால், முனையில் பல் தேய்ந்து பிடி கழன்று கையோடு வந்தது.

"பரவால்லக்கா, கையால பிடிச்சுக்கறேன்."

"நடுரோட்டுல குதிச்சிடுச்சுன்னா?" அக்கா பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிடியைத் திரும்ப ஏற்றி, முனையில் தடித்த நூலால் இறுக்கித் தைத்து முடிச்சிட்டார். பிறகு, தைத்ததைப் பிரித்தெடுக்கப் போகிறவர் மாதிரி, இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார்.