மேற்குச் சன்னல் திறந்திருந்த நேரம்

கோவிந்தம்மாள் எந்தச் சன்னலையும் சட்டென்று திறந்துவிட மாட்டாள். முதலில் முந்தானை ஓரத்தைத் தடவி, பிரிந்து நிற்கும் நூல் ஒன்றைப் பிடுங்குவாள். அதை இரண்டு விரலால் பிடித்து முகத்துக்கு நேரே தொங்கவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் கொக்கியில் கை வைப்பாள். பாலக்கோடு பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். தருமபுரியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது, மண்டபத்து மாடியில் பெண் வீட்டார் அத்தனை பேரும் வியர்த்து வழிந்துகொண்டிருக்க, இவள் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏழு வருஷமாக இந்தப் பழக்கம். அவளுடைய சேலைகள் எல்லாம் ஓரம் பிரிந்தே கிடக்கின்றன. மகள் எழிலரசி ஒருமுறை தையல்காரரிடம் கொடுத்து ஓரம் அடித்துக்கொண்டு வந்தாள். ஒரு வாரம்தான். பிறகு கோவிந்தம்மாளே பல்லால் கடித்து நூலைப் பிரித்துக்கொண்டாள்.

ஊரில் இதை வைத்து அதிகம் கேலி செய்பவள் லூர்துமேரி. "வாடி காத்து ஜோசியக்காரி, இன்னிக்கு எனக்கு நேரம் எப்பிடி?" என்று தன் முந்தானையைப் பிடித்து ஆட்டிக் காட்டுவாள். அப்போதெல்லாம் கோவிந்தம்மாள் சிரிப்பாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

இருவருக்கும் ஒரே வயது. பாலக்கோட்டுக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் இருவரும் ஒரே வருஷத்தில் மல்பெரி நட்டு, ஒரே வருஷத்தில் பட்டுப்புழுவுக்குக் கொட்டகை போட்டார்கள். கோவிந்தம்மாளின் கொட்டகையின் மேற்குச் சன்னலில் நின்றால் முப்பது எட்டில் மேரியின் கொட்டகைச் சுவர். நடுவில் களம். ஒரு கோடையில் கோவிந்தம்மாளின் போர்வெல் வற்றி, இலை கருகி, புழு பட்டினி கிடந்தபோது மேரி தன் தோட்டத்தை நாலு நாள் திறந்துவிட்டாள். "வெட்டிக்க. எம்புழு தின்னா என்ன, உம்புழு தின்னா என்ன" என்றாள். அடுத்த மழையில் கோவிந்தம்மாள் கட்டுக்குக் கட்டு இலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கணக்கு தீர்ந்தது.

தீராதது அடுத்து வந்த கார்த்திகையில் நடந்தது.

ஐந்து நாளாக மழை விடவில்லை. கோவிந்தம்மாளின் புழுக்கள் நாலாவது தோலுரித்து எழுந்து, ராத்திரி பகல் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தன. இன்னும் ஒரு வாரம் தாண்டினால் கூடு கட்டிவிடும். அன்று காலை இலை போடும்போது ஒரு புழு துவண்டு கிடந்தது. மறுநாள் அதே இடத்தில் நாலு புழு. முதல் நாள் துவண்டது இப்போது சாக்பீஸ் துண்டு மாதிரி விறைத்திருந்தது. அதன் மேல் மாவு தூவினதுபோல வெள்ளை.

அவளுக்குத் தெரியும். சுண்ணாம்பு நோய். பூசணம். புழு செத்த பிறகுதான் பூசணத்துக்கு வாழ்வு. உடம்பைத் துளைத்து வெளியே வந்து, மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக வித்து விட்டு நிற்கும். ஒரு வித்தைக் கண்ணால் பார்க்க முடியாது. மூச்சுக்காற்று பட்டாலே கிளம்பிவிடும். எங்கே ஒரு புழுவின் தோலில் ஒட்டுகிறதோ, அங்கே ஈரம் இருந்தால் முளைத்துவிடும்.

பட்டு வளர்ச்சித் துறையில் குரு என்று ஒரு தம்பி இருந்தான். போன் போட்டாள்.

"ஈரந்தாங்க்கா அதுக்குச் சோறு. சன்னலெல்லாம் தொறந்து காத்து விடுங்க."

"காத்து விட்டா எங்க போவும் தம்பி?"

"புரியலீங்களே."

"உள்ள இருக்கற பூசணம் காத்தோட எங்க போவும்னு கேக்கறன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "பக்கத்துல யாராச்சும் புழு வச்சிருக்காங்களா?"

வைத்திருந்தாள். முந்தாநாள்தான் மேரி கொட்டகைக்கு இளம்புழு வந்து இறங்கியிருந்தது. அரிசி நீளம்கூட இல்லை. கார்த்திகைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். கிழக்குச் சன்னலைத் திறந்தால் சாரல் உள்ளே அடித்து ஈரம் இன்னும் ஏறும். மேற்குச் சன்னலைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் நேராக மேரியின் கொட்டகைக்கு.

"அப்ப தொறக்காதீங்க. சுண்ணாம்பு ரெண்டு வேளையும் தூவுங்க. செத்தது வெள்ளையாகறதுக்கு முந்தியே பொறுக்கி எரிச்சிருங்க. நீங்களும் வெளிய போயிட்டு வந்துட்டு இருக்காதீங்க, துணியில ஒட்டிக்கிட்டு வரும்."

அவள் கதவைக் கால் அகலம் திறந்து, களத்துக்கு அப்பால் நின்ற மேரியைக் கூப்பிட்டாள்.

"மேரீ! இந்தப் பக்கம் வந்துறாத. சுண்ணாம்பு உளுந்துருச்சு!"

மேரி கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். "அய்யோ. நெறையாவா?"

"இப்பத்திக்கு நாலு."

"உள்ள பூந்துக்கிட்டு என்னாடி பண்ணப்போற? சன்னலத் தொறக்காம புழு வெந்துருமே."

"வெந்தா வேவட்டும். மேற்கால சன்னலத் தொறக்கவே மாட்டன். எம்மவ மேல சத்தியம்."

"சத்தியமெல்லாம் எதுக்குடி? சரி, செத்துகித்துத் தொலையாத. வெளிய வரப்ப வெள்ளையா வந்தீன்னா உன்னையும் எரிச்சிருவன்" என்றாள் மேரி. இரண்டு பேரும் சிரித்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

கொட்டகை நாற்பதடி நீளம். மூன்று அடுக்குப் பரண். ஒவ்வொரு பரணிலும் தழையும் புழுவும். நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வழி. சன்னல்களை மூடியதும் முதல் நாளே சுவரில் நீர் கோத்தது. புழுவின் மூச்சு, தழையின் ஈரம், எச்சத்தின் புளிப்பு வாடை எல்லாம் சேர்ந்து தலைக்கு மேல் ஒரு கனமான துணி போலத் தொங்கின. கணவன் மாது வாசலில் இலைக் கட்டை வைத்துவிட்டுத் தள்ளிப் போவான். சோற்றுத் தூக்கையும் அங்கேயே வைப்பான். அவள் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

"தொறந்து உடு புள்ள. காத்துக்கு வேலியா போட முடியும்?" என்றான் மாது, கதவுக்கு வெளியே நின்று.

"அதுங்க பச்சக் கொழந்தைங்க. ஒரு நாள் தாங்காது."

"நம்முளது?"

அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். துவண்டது, விறைத்தது, வெள்ளையானது. காலையில் முப்பது. மாலையில் எண்பது. பொறுக்கிய கையில் சுண்ணாம்புத் தூளும் வெள்ளை, பூசணமும் வெள்ளை. எது காப்பது, எது கொல்வது என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண் இமையில், தலைமுடியில், உதட்டில் எல்லாம் அதே வெள்ளை.

மூன்றாம் நாள் ஈரத்தைக் குறைக்க மாது ஒரு கரி அடுப்பை மூட்டி உள்ளே தள்ளினான். சூடு பரவியது, சுவர் கொஞ்சம் காய்ந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அடைத்த கொட்டகையில் கரிப்புகை இன்னொரு சாவு என்பது அவளுக்குத் தோன்றவில்லை. நாலாம் நாள் காலை தலை இடித்தது. பரண் கட்டையைப் பிடித்தாள், கட்டை வழுகிப் போவதுபோல் இருந்தது. அடுப்பில் தண்ணீரைக் கொட்டினாள். கதவுக்கு நடந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் கதவு நாற்பதடி தள்ளி இருந்தது. அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது மேற்குச் சன்னல்.

கொக்கியைத் தட்டிவிட்டாள்.

காற்று வந்தது. மழை விட்டிருந்தது. ஈக்குக் கட்டியிருந்த நைலான் வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு, நாலு நாளைக்கும் சேர்த்து மூச்சு இழுத்தாள். ஈயைத் தடுக்கும் அந்த வலை வேறு எதைத் தடுக்கும்? களம் காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மேரி பூசைக்குப் போயிருந்தாள்.

கண் தெளிந்ததும் அவளுக்கு மகள் பெயரில் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ, ஒருவேளை திரும்பியிருக்கலாம் என்று நினைத்தாள். முந்தானையில் ஒரு நூலைப் பிடுங்கி வலைக்கு முன்னால் பிடித்தாள். நூல் கொஞ்சம் ஆடியது. பிறகு கோடு கிழித்த மாதிரி, நேராக மேரியின் கொட்டகையைப் பார்த்து நின்றது.

அப்போதே சாத்தியிருக்கலாம்.

சாத்தவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு மூச்சு என்று நின்றாள். முதுகுக்குப் பின்னால் இருந்த புழுக்கத்துக்குத் திரும்பிப் போக உடம்பு ஒப்பவில்லை. நூல் கையில் நீட்டிக்கொண்டே இருந்தது. தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது. பூசை முடிந்து ஆட்கள் வருகிற நேரம் என்று தெரிந்துதான் சன்னலைச் சாத்தினாள். அரை மணி நேரம் இருக்கும்.

திறந்ததற்கு அவளால் காரணம் சொல்ல முடியும். மயக்கம் வந்தது, திறந்தாள். யாராக இருந்தாலும் திறந்திருப்பார்கள். நூலைப் பார்த்த பிறகு நின்ற நேரத்துக்குத்தான் காரணம் கிடையாது. மணிச் சத்தத்துக்குச் சாத்தினாளே, அதற்கும் கிடையாது.

அவளுடைய புழுவில் பாதி பிழைத்துக் கூடு கட்டியது. அடுத்த வாரம் மேரி ஒரு முறத்தோடு களத்தின் நடுவில் வந்து நின்றாள். முறத்தில் சின்னச் சின்னதாக விறைத்த புழுக்கள். சிலதில் வெள்ளை பூக்க ஆரம்பித்திருந்தது. மூன்று நாளில் மேரி மொத்தக் கொட்டகையையும் வாரிக் குழியில் போட்டு எரித்தாள்.

"நீ தொறக்கல. எனக்கே தெரியும், போறப்ப வர்றப்ப பாத்துக்கிட்டேதான இருந்தன்" என்றாள் மேரி. "எலையிலதான்டி வந்திருக்கணும். அந்தச் சென்னப்பன் தோட்டத்துல பத்து மூட்ட வாங்குனன் பாரு. கண்ட கொட்டகக் குப்பையையும் செடிக்கு எருவாப் போடறவன் அவன்."

"மேரி..."

"என்னாடி?"

கோவிந்தம்மாள் முறத்தையே பார்த்தாள். "ஒண்ணுமில்ல. அடுத்த தரம் சேந்தே புழு எறக்கலாம்."

சென்னப்பன் தன் பிள்ளைகள் மேல் ஆணையிட்டுச் சொன்னார். குப்பையை மக்கவைத்துத்தான் போட்டேன் என்றார். மேரி கேட்கவில்லை. தன் நிலத்து வழியாக அவர் தோட்டத்துக்குப் போகும் தடத்தை முள் வெட்டிப் போட்டு அடைத்தாள். அன்றிலிருந்து அவர் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போய் வருகிறார். இலையை அவரிடம் வாங்குவதையும் ஊரில் பலர் நிறுத்திவிட்டார்கள்.

அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் எழிலரசி. மைக்ரோபயாலஜி படித்தாள். போன வருஷம் மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள் மூன்றை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தாள். தட்டுகளில் கூழ் மாதிரி ஏதோ உறைந்திருந்தது. காற்றில் என்னென்ன நுண்ணுயிர் இருக்கிறது என்று பார்க்கப்போகிறாளாம். ஒன்றைக் களத்தில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"எவ்ளோ நேரம் தொறந்திருக்கணும்?"

"பத்து நிமிசம் போதும்மா."

"பத்து நிமிசமா?" கோவிந்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் மகள் செல்போனில் படம் காட்டினாள். தட்டு முழுக்கப் புள்ளிகள். பச்சை, கறுப்பு, மஞ்சள். நடுவில் பஞ்சு போல வெள்ளையாக ஆறு. ஒவ்வொரு புள்ளியும் காற்றில் வந்து விழுந்த ஒரு வித்திலிருந்து முளைத்தது என்றாள்.

"இந்த வெள்ள எல்லாம் யார் வூட்டுல இருந்து வந்துச்சுன்னு கண்டுபுடிக்க முடியுமா?"

"அதெப்படிம்மா? மண்ணுல இருக்கும், எலையில இருக்கும், நம்ம தலமுடியிலகூட இருக்கும்."

"அப்ப இன்னாராலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது."

"முடியாது."

"இல்லன்னும் சொல்ல முடியாது."

எழிலரசி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பரீட்சையில் எழுதினால் இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. அம்மா கேட்பது பரீட்சைக்காக இல்லை என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. "அதுவும் முடியாதும்மா" என்றாள்.

அன்று சாயங்காலம் கோவிந்தம்மாள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "மேரிகிட்ட சொல்லிருவன்" என்றாள். மகள் ஏன் சொல்ல வேண்டும் என்றும் கேட்கவில்லை, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. இப்போதும் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சென்னப்பன் இன்னும் சுற்றித்தான் போகிறாரா என்று முதலில் ஏரிக்கரைப் பக்கம்தான் பார்க்கிறாள்.

இந்தக் கார்த்திகையிலும் மழை விட்ட ஒரு காலை. மேரி தன் கொட்டகை வாசலில் கால் மிதிக்கப் போடும் சாக்குக்குப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் மேற்குச் சன்னலுக்குப் பின்னால் நூலைப் பிடித்தாள்.

"என்னாடி, எந்தப் பக்கம் போவுது?"

"உன் பக்கந்தான்."

"வரட்டும் உடு. எனக்கும் புழுக்கமாத்தான் இருக்குது."

கோவிந்தம்மாள் வாயைத் திறந்தாள். மேரி அதற்குள் குனிந்து சாக்கைப் பிழிய ஆரம்பித்திருந்தாள். களத்துக்கு அப்பால், முள் அடைத்த தடத்துக்கும் அப்பால், ஏரிக்கரை மேல் சென்னப்பன் இலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் கால் பார்த்துப் பார்த்துச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்.