தலைகீழ் யானைகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கணியூரிலிருந்து மாமா மகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய அம்மாவை, அதாவது என் அத்தையை, கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். குணமாகும்வரை அவள் எங்களோடு இருக்கட்டும் என்று ஏற்பாடு. என்னைவிட ஒரு வயது சின்னவள். முதல் வாரம் அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் அம்மா என் பாயிலிருந்து எழுந்துபோய் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அதோடு என் இரக்கம் தீர்ந்துபோயிற்று.

அத்தைக்கு ஆஸ்பத்திரியில் போர்த்திக்கொள்ள ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க அம்மா முடிவு செய்தாள். காதர்பேட்டையில் தெரிந்த துணிக்கடையிலிருந்து அப்பா ஒரு பொட்டலம் துண்டுத்துணி வாங்கி வந்தார். தும்பிக்கை தூக்கிய சிவப்பு யானைகள் அச்சிட்ட சீட்டித் துணியும் அதில் இருந்தது. அம்மா அதைச் சதுரம் சதுரமாக, சதுரத்துக்கு ஒரு யானையாக வெட்டினாள். யானையும் வெள்ளையுமாக ஒன்பது துண்டுகளைச் சேர்த்தால் போர்வையில் ஒரு கட்டம். சதுரம் என்பதால் எப்படி வைத்தாலும் பொருந்திவிடும். ஆனால் யானை நிமிர்ந்து நிற்க வேண்டும்.

துண்டுகளை அடுக்கி, நல்ல பக்கம் உள்ளே போகும்படி சேர்த்துக் குண்டூசி குத்தி, தையல் மிஷினில் இருக்கும் அம்மாவிடம் கொடுப்பது என் வேலை. முதல் நாளே இரண்டு யானைகளைப் படுக்கவைத்துவிட்டேன். “உனக்குக் கண்ணு பொறத்தாலயா இருக்குது?” என்று வேலையைப் பிடுங்கி மாமா மகளிடம் கொடுத்தாள் அம்மா. அவள் ஒவ்வொரு துண்டையும் தரையில் வைத்து, எழுந்து நின்று பார்த்து, பிறகுதான் ஊசி குத்துவாள். “எங்கண்ணுக்கு எத்தனை நிதானம் பாரு” என்று அம்மா என்னிடமே சொன்னாள். அதுவரை அந்தக் கண்ணு நான்தான்.

மறுநாள் மத்தியானம் அம்மாவும் அவளும் சமையலறையில் இருந்தபோது, தைக்கத் தயாராயிருந்த துண்டுகளில் ஊசியைக் கழற்றி, மூன்று யானைகளைத் தலைகீழாகத் திருப்பிக் குத்தி வைத்தேன்.

அம்மா தைத்து முடித்து விரித்தாள். மூன்று யானைகள் காலை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன. மாமா மகளுக்கு விழப்போகும் அடிக்காக நான் காத்திருந்தேன்.

“நாந்தானுங்க அத்தை, பாக்காம குத்திப்போட்டனுங்க,” என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். கண்ணைக் கசக்கினாள்.

அம்மா திட்டவில்லை. அவளை இழுத்து மடியில் உட்காரவைத்து, “அதுக்கென்ன கண்ணு, பிரிச்சுத் தெச்சாப் போச்சு. அழுவாத,” என்று தலையைத் தடவினாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “அவ இல்லீங்கம்மா! நாந்தான் திருப்பி வெச்சேன்!” என்று கத்தினேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நல்ல புத்தியால் அல்ல. அவள் அந்த மடியிலிருந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

இறங்கினாள். அம்மா வந்து என் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். “சீக்காளிக்குத் தெக்கற துணியிலயா உன்ற வெளையாட்டு?” அடித்த கையாலேயே முந்தானையை எடுத்து என் மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டு, பிளேடைக் கையில் கொடுத்துத் தையலைப் பிரிக்க உட்காரவைத்தாள்.

மாமா மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். யானைகளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

“எங்கம்மாவும் இப்படித்தான். அடிச்சுட்டு, அவுங்களே மூக்கைத் தொடச்சு உடுவாங்க,” என்றாள்.

எங்கள் வீட்டில் அதுவரை அவளை யாரும் ஒரு அதட்டல்கூடப் போட்டதில்லை. அடி வாங்குவதிலுமா எனக்குப் போட்டிக்கு வருகிறாள் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.