செடல் புடவையும் புங்கங்கன்றுகளும்

தானே புயல் அடித்த மறுநாள் எங்கள் தெருவில் வானம் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. மரங்கள் எல்லாம் படுத்துக் கிடந்தன. நசுங்கிப்போன ஸ்கூட்டர்களைப் பற்றி நெய்வேலி குவார்ட்டர்ஸ்காரர்களாகிய நாங்கள் மாதக்கணக்கில் புலம்பினோம். பக்கத்திலேயே வடக்குத்து கிராமத்தில் இருந்த செல்லக்கிளிக்கு அதே காற்றில் பிழைப்பே போயிருந்தது. அவள் புலம்பி நான் கேட்டதில்லை.

அவளும் அவள் கணவன் பாவாடையும் முந்திரித் தோப்புகளில் கூலி வேலை பார்த்தவர்கள். தோப்புகள் வேரோடு சாய்ந்துவிட்டன. புதிதாக நட்டுக் காய்ப்பு வர வருஷங்கள் ஆகும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி ஒருவர் பாவாடையைப் பிடித்துவிட்டார். குடும்பத்தோடு வந்தால் தங்கத் தகரக் கொட்டகை தருவாராம்.

“வூட்டப் பூட்டிக்கினு நான் எங்கியும் வர மாட்டேன்” என்றாள் செல்லக்கிளி.

“அப்ப சோத்துக்கு?” என்றான் பாவாடை. நியாயமான கேள்விதான்.

அந்தச் சமயத்தில்தான் டவுன்ஷிப்பை மறுபடி பச்சையாக்கப் பணம் ஒதுக்கினார்கள். அடுத்த புயலுக்கும் தாங்குகிற மாதிரி வேம்பு, புங்கன், நாவல் என்று பார்த்து நடுவது; புயலில் வேலை இழந்தவர்களையே அதற்கு எடுத்துக்கொள்வது. எங்களுக்கு நிழல், அவர்களுக்கு அடுப்பு, இரண்டுக்கும் ஒரே குழி. யாரோ புத்தியுள்ளவர் போட்ட திட்டம் என்று இன்றைக்கும் சொல்வேன். செல்லக்கிளிக்கு எங்கள் தெரு கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: கோடை முடிந்ததும் அதிகாரி வந்து பார்ப்பார். கன்றுகள் தழைத்திருந்தால் வேலை தொடரும், இன்னும் ஆள் சேர்ப்பார்கள். காய்ந்திருந்தால் அதோடு சரி. பாவாடையும் அதுவரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டான். ஆனால் துணிமணியை ஒரு பையில் அடைத்து ஆணியில் மாட்டியே வைத்திருந்தான்.

சித்திரை வெயிலில் கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டன. டேங்கர் வண்டி வருவதே அபூர்வம். வந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஊற்றிவிட்டுப் போய்விடும். ரொம்ப வாடியதற்குக் கூடுதலாக ஊற்றட்டும் என்று செல்லக்கிளி ஓர் அடையாளம் வைத்தாள். மாரியம்மன் கோயில் செடல் திருவிழாவுக்கு வேண்டிக்கொண்டு உடுத்திய பழைய மஞ்சள் புடவையைக் கிழித்து, வாடிய கன்றுகளுக்கு மட்டும் ஒவ்வொரு துண்டாகக் கட்டினாள்.

மஞ்சள் துணியைக் கண்டால் நாங்கள் சும்மா இருப்போமா? பக்கத்து வீட்டுத் திலகவதி அம்மாள்தான் ஆரம்பித்து வைத்தார். ஒரு கன்றுக்குக் குங்குமம் வைத்து, தினமும் ஒரு குடம் தண்ணீர். மகனுக்கு வேலை பர்மனன்ட் ஆக வேண்டுமாம். பிறகு தெருவே குடத்தோடு இறங்கியது. ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆம்பிளைகள்கூட வாட்டர் பாட்டிலில் மிச்சமிருப்பதை ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாகக் கிடந்த கன்றுகள் தளதளவென்று துளிர்த்தன. துணி கட்டாதவற்றை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவை வாடத் தொடங்கின.

சூப்பர்வைசர் ராஜாங்கம் தலையில் அடித்துக்கொண்டார். “என்னம்மா இது, ரோட்டைக் கோயிலாக்கி வெச்சிருக்க? அதிகாரி கேட்டா நான் என்ன சொல்றது?”

செல்லக்கிளிக்கும் உறுத்தியது. உண்மையைச் சொன்னால் தண்ணீர் நின்றுவிடும். தண்ணீர் நின்றால் பெங்களூர்தான். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஒரு காலை திலகவதி அம்மாள் குடத்தோடு வந்தபோது சொல்லிவிட்டாள்.

“அம்மா, அது சாமி துணி இல்லீங்க. வாடுன கன்னு தெரியட்டும்னு டேங்கர்காரருக்குக் கட்டுனதுங்க.”

திலகவதி அம்மாள் குடத்தைக் கீழே வைத்தார். “அப்ப இத்தனை நாளா டேங்கர் வேலையையா நான் பாத்தேன்?”

“ஆமாங்கம்மா.”

“ஏது இந்தத் துணி?”

“எம் பொடவைங்க. செடலுக்குக் கட்டுனது.”

“அம்மனுக்கு வேண்டிக் கட்டுன புடவையைக் கிழிச்சுக் கட்டிட்டு, சாமி துணி இல்லேங்கிறியே! நல்லா இருக்கே கதை!” என்றார் திலகவதி அம்மாள். குடத்தைக் கவிழ்த்து ஊற்றினார். “வாடுறதுக்குத்தான் துணின்னா, அதோ அந்தப் பக்கம் வாடுதே, அதுக்கெல்லாம் ஏன் கட்டல?”

“பொடவ தீந்துபோச்சுங்க.”

மறுநாள் அவள் ஒரு கட்டுத் துணித் துண்டுகளோடு வந்தாள். நல்ல கெட்டித் துணி, மஞ்சளில் முக்கி எடுத்தது, சிலதில் பச்சைக் கரைகூட இருந்தது. மிச்சமிருந்த கன்றுகளுக்கெல்லாம் கட்டினாள். கடைசித் துண்டு எங்கள் வீட்டு வாசல் புங்கனுக்கு. திலகவதி அம்மாள் மேற்பார்வையில் அன்றிலிருந்து எல்லாக் கன்றுக்கும் தண்ணீர் கிடைத்தது. அந்த அம்மாள் அதட்டினால் யார் மறுப்பது? நான் இரண்டு குடம் சுமந்தேன்.

அதிகாரி வந்த அன்று தெரு முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக நின்றது. “என்னய்யா, திருவிழாவா?” என்றார்.

ராஜாங்கம் கண்ணிமைக்காமல் சொன்னார்: “பொதுமக்கள் பங்களிப்பு, சார்.”

அதிகாரிக்குப் பரம சந்தோஷம். வேலை தொடர்ந்தது. பக்கத்துத் தெருக்களில் குழி வெட்டவும் ஆள் கேட்டார்கள். பாவாடை பெயரைச் செல்லக்கிளியே சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் நாள் வேலைக்குக் கிளம்ப, பாவாடை ஆணியிலிருந்து பையை இறக்கித் துழாவியிருக்கிறான். பெங்களூருக்கென்று எடுத்த புது வேட்டியைக் காணவில்லை. கடப்பாரையோடு நேராக எங்கள் தெருவுக்கு வந்து நின்றான். அங்கே அவள் புங்கனுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கடி என் வேட்டி? பச்சைக் கர போட்டது?”

செல்லக்கிளி நிமிரவில்லை. புங்கனைக் கையால் காட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அடுத்ததைப் பார்த்தான், தெருக் கோடி வரைக்கும் பார்த்தான்.

“அதிகாரி வர்றதுக்கு முன்னாலயேவா கிழிச்ச? வேல போயிருந்தா நான் எத்தக் கட்டிக்கினு பெங்களூரு போயிருப்பேன்?”

“அதான் கிழிச்சேன்” என்றாள் செல்லக்கிளி.