மருந்துக்கு அடங்காத காய்ச்சல்

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் பத்துப் படுக்கை கொண்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். ஒரு டாக்டர், நான், ஓர் ஆயா. அவ்வளவுதான் ஆள். சாமைக் கொல்லையில் களையெடுப்பு வந்துவிட்டால் ஆயாவும் வரமாட்டாள். அந்த நாட்களில் நோயாளிகளின் மலப்பாத்திரங்களை நானே கழுவுவேன். கழுவிய தண்ணீர் வார்டுக்குப் பின்னால் இருந்த சிமென்ட் வாய்க்காலில் இறங்கி, உண்ணிப்புதருக்குள் போய்விடும். அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று நான் போய்ப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் புளி ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர் காய்ச்சலோடு வந்து படுத்தார். மூன்று வாரக் காய்ச்சல். போகிற ஊரிலெல்லாம் மருந்துக்கடையில் இரண்டு இரண்டாகக் கேப்சூல் வாங்கி விழுங்கியிருக்கிறார். கொஞ்சம் குறைந்ததும் நிறுத்திவிடுவார். திரும்ப வந்தால் திரும்ப வாங்குவார். எங்களிடம் பத்து நாள் இருந்தார். காய்ச்சல் விட்டும் விடாமலும் இருந்தது. கூட்டாளிகள் வந்து திருப்பத்தூருக்கு அழைத்துப் போனார்கள். நாங்களும் அவரை மறந்துபோனோம்.

ஒரு மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக்கு அரை மைல் கீழே இருந்த ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கம்பளியில் கட்டி, கம்பில் தொங்கவிட்டுத் தூக்கி வந்தார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும். கம்பின் ஒரு முனையில் புருஷன், மறு முனையில் அவன் தம்பி. எட்டு நாளாகக் காய்ச்சல். டைபாய்டு என்று பார்த்ததுமே டாக்டர் சொன்னார். அப்போது டைபாய்டுக்கு ஒரே மருந்துதான்: குளோராம்பெனிகால். கொடுத்தால் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் இறங்கிவிடும். அதை நம்பித்தான் நாங்கள் மலையில் உட்கார்ந்திருந்தோம்.

ஐந்தாம் நாள் நூற்று மூன்று. ஆறாம் நாளும் அதேதான்.

"மாத்திரைய முழுங்கறாளா, துப்பறாளா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"என் கையால குடுக்கறேன் சார். வாயத் திறந்து காட்டச் சொல்லித்தான் நகர்றேன்."

ஆஸ்பத்திரித் தொட்டித் தண்ணீர் அவளுக்குப் பிடிக்கவில்லை. துரு நாறுகிறது என்பாள். "எங்க ஊத்துத் தண்ணி இருந்தா குடுங்க நர்சம்மா, அதான் எறங்குது" என்று கேட்டாள். புருஷன் காலையும் சாயங்காலமும் இறங்கிப்போய் ஒரு சொம்பு கொண்டுவந்து வைப்பான். அந்தத் தண்ணீரில்தான் நான் அவளுக்குக் கேப்சூல் கொடுத்தேன்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் புட்டியில் அடைத்து, காலைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து டவுனில் இருந்த பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். பதில் வர ஒரு வாரம் ஆகும் என்றார்.

"இன்னா நர்சம்மா, மருந்து குடுத்துக்கினே கீறீங்க, காச்சல் எறங்கவே இல்லியே?" என்று புருஷன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம் என்று சொன்னேன். மூன்று முறை அதையே சொல்லியிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் அவள் வயிறு பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. குடல் ஓட்டையாகிவிட்டது, கீழே கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால்தான் உண்டு என்றார் டாக்டர். ஜீப் கிடைக்க மத்தியானம் ஆனது. நான் கூடப் போனேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் என் கையை இறுக்கிக்கொண்டிருந்தவள், பாதி வழியில் விட்டுவிட்டாள். ஜீப்பைத் திருப்பச் சொன்னோம்.

இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வந்தது. டாக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

"டைபாய்டுதான் சிஸ்டர். ஆனா நாம குடுத்த மருந்து இந்தக் கிருமியை ஒண்ணும் பண்ணல. அந்த மருந்துக்குள்ளயே வளருது."

"அப்படியும் ஆகுமா சார்?"

"கேரளா பக்கம் வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். இங்க, இந்த மலைக்கு எப்படி வந்துது?"

அப்போதுதான் எனக்கு அந்த டிரைவர் நினைவுக்கு வந்தார். அவர் அரைகுறையாக விழுங்கிய மருந்துக்குக் கிருமி பழகிப்போயிருக்கலாம். அவருடைய பாத்திரங்களைக் கழுவியது நான். சொன்னேன். டாக்டர் எழுந்து வார்டின் பின்பக்கம் நடந்தார். நானும் போனேன். உண்ணிப்புதரை விலக்கிக்கொண்டு வாய்க்கால் போன வழியே இறங்கினோம். அது ஓடையில் சேர்ந்தது. ஓடையோடு இன்னும் கொஞ்சம் இறங்கினால் மணலில் தோண்டிய ஊற்று. ஒரு பெண் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதான் வந்த வழின்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

புருஷனிடம் நான்தான் சொன்னேன். அவன் குந்தி உட்கார்ந்து கேட்டான்.

"அப்போ ஆஸ்பத்திரி கழுவுன தண்ணியா நாங்க குடிச்சது?"

"ஆமா. காய்ச்சித்தான் குடிக்கணும் இனிமே."

"வூட்ல காச்சிக் குடிக்கலாம் நர்சம்மா. கொல்லைல நிக்கசொல்ல தாகம் எடுத்தா? வேற ஊத்து ஏது எங்களுக்கு?"

அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் ஏழாவது படுக்கைக்காரரின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலருகே நின்றேன். பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து, பிறகு ஊற்றினேன். ஆறு வாரத்தில் மூட்டை காலியானது. அடுத்த மூட்டை வரவில்லை. அப்புறம் பவுடர் இல்லாமலே ஊற்றினேன். மண்ணில் குழி தோண்டிப் பார்த்தோம், இரண்டடியில் பாறை. கழிவுநீர்த் தொட்டி கேட்டு டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். ஓர் அதிகாரி வந்து, பலாச்சுளை தின்றுவிட்டு, பார்க்கலாம் என்று போனார். டாக்டருக்கு மாற்றல் வந்தது.

அந்த வருஷம் கீழே இருந்த அதே ஊரிலிருந்து இன்னும் நான்கு பேர் அதே காய்ச்சலோடு வந்தார்கள். வேறொரு ஊசி மருந்து கொஞ்சம் கிடைத்தது. இரண்டு பேர் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவன் அந்தப் பெண்ணின் புருஷன். குணமாகி நடந்து வீட்டுக்குப் போனான், அதே ஊற்றுக்கு. சில வருஷங்களில் அந்த ஊசிக்கும் அடங்காத காய்ச்சல்கள் வர ஆரம்பித்தன. அப்போது இருந்த டாக்டர் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்புவதில்லை. அனுப்பி என்ன செய்வது என்பார்.

எண்பதுகளின் நடுவில் தொட்டி கட்டினார்கள். முதல் மழையிலேயே நிரம்பி வழிந்தது. வழிவதைக் கொண்டுபோக ஒரு குழாய் போட்டு, அதைப் பழைய வாய்க்காலிலேயே விட்டார்கள்.

எனக்குக் கலசப்பாக்கத்துக்கு மாற்றல் வந்தபோது, புதிதாக வந்த பெண்ணிடம் வார்டை ஒப்படைத்தேன். சின்னப் பெண், முதல் வேலை. ஊற்று, காய்ச்சல், செத்தவர்கள் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கையில் ஒரு பாத்திரம் இருந்தது.

"அப்போ இத எங்க ஊத்தறது அக்கா?" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.