கை முடியும் இடம்

கை எங்கே முடிகிறதோ அங்கேதான் பார்க்கிறவர் கண் போய் நிற்கும். இது என் அக்காவின் சட்டம். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அவளைக் கேட்காமல் ஜாக்கெட் தைத்ததில்லை. தோள் ஒடுங்கியவளுக்குப் பஃப் கை. மார்பு பெருத்தவளுக்கு மார்புக்கு நேரே கை முடியக் கூடாது. ஒன்று ஏற வேண்டும், இல்லையென்றால் இறங்க வேண்டும். குள்ளமானவளுக்கு முழுக்கை ஆகாது, இன்னும் குறுக்கிவிடும். சொன்னதெல்லாம் சரியாகவே இருக்கும். அதுதான் கொடுமை. அவள் பேச்சைக் கேட்டுத் தைத்த சித்தி மகள் கண்ணாடி முன்னால் சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

எனக்கு முழங்கைக்கு இரண்டு விரல் மேலே. இருபது வயதில் விதித்தது. "உன் கை குண்டு. மூடிட்டா தெரியாது."

ஐம்பதிலும் அதே நீளத்தில் தைத்த ஜாக்கெட்டைத்தான் அளவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உடம்பு மாறியது, ஊரில் மேம்பாலம் வந்தது, மெட்ரோவுக்குத் தெருவையே தோண்டினார்கள். என் கை மட்டும் அங்கேயே முடிந்துகொண்டிருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துச் சுமந்த கை. அடையாறு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிய கை. அதன் குற்றம்தான் என்ன? பருத்திருக்கிறது. அவ்வளவுதான்.

அக்கா மகளுக்குக் கல்யாணம். வைகாசி வெயில், மயிலாப்பூர் மண்டபம். பெண்ணுக்குச் சித்தி முறையான எங்கள் எல்லோருக்கும் அக்கா ஒரே மாதிரி அரக்குப் பட்டு எடுத்துக் கொடுத்தாள். ஜாக்கெட் துணியோடு, நாங்கள் எல்லோரும் தைக்கக் கொடுக்கும் தி. நகர் பாயிடம் போனேன்.

"கை வேணாம் பாய்" என்றேன்.

அவர் துணியை விரித்து, உள்ளங்கை அகல ஜரிகையைத் தடவினார். "இன்னாமா, பார்டரே கைக்குன்னுதான் போட்டு வந்துகீது. இத்த எங்க வெக்கிறது?"

"எங்கயும் வெக்க வேணாம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"கை என்னுது பாய்."

கை இல்லாத ஜாக்கெட்டுக்கு அக்குள் வெட்டு வேறு, பழைய அளவு உதவாதாம். கழுத்திலிருந்து டேப்பை உருவினார். "நிமிந்து நில்லுமா." முப்பது வருடம் கழித்து யாரோ என்னைப் புதிதாக அளந்தார்கள்.

முகூர்த்தத்துக்கு முந்தின மாலைதான் ஜாக்கெட் கைக்கு வந்தது. காலையில் மண்டபத்து அறையில் பிரித்தேன். கடைச் சுடிதாரில் வருகிற மாதிரி, உள்ளே தனியாக இரண்டு கைகள். வெட்டி, ஓரம் அடித்து, பார்டரும் வைத்து, குண்டூசி குத்தியிருந்தது.

பின்னாலேயே அக்கா. கையில் நூல் கோத்த ஊசி.

"என் ஜாக்கெட்ட வாங்கப் போனப்ப பாய் சொல்லிட்டாரு. நான்தான் கைய வெட்டி உள்ள வெக்கச் சொன்னேன். ஸ்லீவ்லெஸ்ஸாம், இந்த வயசுல. உக்காரு, பத்து நிமிஷத்துல தெச்சிடலாம்."

"வேணாம்க்கா."

"வீடியோ எடுக்கறாங்கடி. கையத் தூக்கினா ஊஞ்சலாடும். சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?"

"கல்யாணம்னா ஊஞ்சல் இல்லாமயா?"

பல்லிடுக்கில் பின்னைக் கவ்விக்கொண்டு கொசுவம் மடித்துக்கொண்டிருந்த சித்தி மகள் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். யாராச்சும் உன்ன ஒரு வார்த்த சொல்லிட்டா என்னால தாங்க முடியாது."

அது பொய்யில்லை. முப்பது வருடமும் அந்தப் பயத்தைத்தான் என் தோளிலிருந்து முழங்கை வரை தைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு கணம் இளகினேன். கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. பட்டுக் கைகள் இரண்டையும் மடித்துக் கைப்பையில் போட்டேன். ஜாக்கெட்டை மாட்டினேன்.

கெட்டிமேளம் கொட்டியபோது அட்சதையை எல்லோரும் இடுப்பளவில் இருந்து வீசினார்கள். நான் கையை முழுசாக, தலைக்கு மேலே தூக்கினேன். ஆடியது. ஆடட்டும். மின்விசிறிக் காற்று அக்குள் வரை வந்து போனது. இத்தனை வைகாசியும் அது என்னை எங்கெல்லாம் தேடியதோ.

பந்திக்கு முன் காபி கொண்டு வந்தார்கள். டம்ளரைத் தொட முடியவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பட்டுக் கையை எடுத்து டம்ளரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சினேன். ஜரிகை பளபளத்தது. எதிரே, தன் டம்ளரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு அக்கா.

"பாவி, பட்டுடி அது."

"இன்னொண்ணு இருக்கு. வேணுமா?"

அவள் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் பட்டுப்புடவைத் தலைப்பால் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள்.