ஆளில்லாத கிராமத்துக்கு ஓர் இருப்பிடச் சான்று

வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி?" நான் கேட்பது, "எந்த எல்லை?" கிராம நிர்வாக அலுவலராகி இரண்டு வருடத்தில் ஒட்டிக்கொண்ட வியாதி இது. நம் கிராம எல்லை என்றால் நான்தான் முதலில் போய் நிற்க வேண்டும், நான்தான் எழுத வேண்டும். பக்கத்துக் கிராமம் என்று தெரிந்துவிட்டால் வயிற்றில் ஒரு குளிர்ச்சி இறங்கும். யார் வீட்டிலோ இழவு விழுந்திருக்கும்போது எனக்குக் குளிர்ச்சி. அதற்காக வெட்கப்பட்டிருக்கிறேன், ஆனால் அது வராமல் இருந்ததில்லை.

என் பொறுப்பில் இரண்டு கிராமங்கள். ஆமத்தூர் தாண்டிச் சிவகாசிக்குப் போகிற சாலையிலிருந்து விலகி, கரிசல் காட்டுக்குள் வண்டியை விட்டால் முதலில் வருவது ஆள் இருக்கிற கிராமம். என் அலுவலகம் அங்கேதான். ஓடையைத் தாண்டினால் இரண்டாவது கிராமம். அதில் ஆளே கிடையாது. வரைபடம் உண்டு, சர்வே எண்கள் உண்டு, எல்லைக் கற்கள் உண்டு, ஒரு கண்மாய் உண்டு, கூரை போன ஒரு கோயில் உண்டு. பதிவேட்டில் மக்கள்தொகை என்ற இடத்தில் ஒரு கோடு. தாலுகா அலுவலகத்தில் இதைப் பேச்சிராக் கிராமம் என்பார்கள், குடியில்லாத ஊர் என்று அர்த்தம். எப்போது காலியானது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் இல்லாமல் போனார்கள் என்பவர்களும் உண்டு, காலரா என்பவர்களும் உண்டு.

கூடுதல் பொறுப்பாக அதை என் தலையில் கட்டியபோது உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். ஆளில்லாத ஊரில் சாதிச் சான்று கேட்டு யாரும் வர மாட்டார்கள். முதியோர் பென்ஷன் ஏன் வரவில்லை என்று சண்டை பிடிக்க மாட்டார்கள். வரப்புத் தகராறு கிடையாது. இப்படி ஒரு நாலு கிராமம் கொடுத்தால்கூடப் பார்ப்பேன் என்று தோழியிடம் கேலியாகச் சொன்னேன்.

ஆனால் பகலில் அந்த ஊர் காலியாக இருக்காது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், சுற்றிலும் சுவர். காலையில் வேன்கள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போய்விடும். பெரும்பாலும் என் முதல் கிராமத்துப் பெண்கள். பொழுது சாய்ந்தால் மறுபடி ஆளில்லாத ஊர்.

நான் பொறுப்பேற்ற கொஞ்ச நாளில் ஆலைக்காரர்கள் கூடுதல் அறைகள் கட்ட விண்ணப்பித்திருந்தார்கள். இடத்தைப் பார்த்து, சுற்றுவட்டாரத்தில் வீடு ஏதும் இருக்கிறதா என்று அளந்து, வரைபடத்தோடு அறிக்கை தர வேண்டும். பக்கத்தில் வீடு இருந்தால் அனுமதி கிடையாது. சித்திரை வெயில். ஸ்கூட்டர் சீட்டில் கை வைத்தால் கொப்புளிக்கும். தலையாரியிடம், "அண்ணே, அங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். என் அப்பா வயது அவருக்கு. சிரித்தார்.

"அங்கன யாரும்மா இருக்கா? பேயி பிசாசுகூடக் கெடையாது. முன்னாடி இருந்த அய்யாக்கமாரு எழுதுன காயிதம் கெடக்கு பாருங்க."

கிடந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது, அவர் அவருக்கு முன்னால் இருந்தவரைப் பார்த்து எழுதியது. நானும் எழுதினேன். "சுற்றுவட்டத்தில் குடியிருப்பு ஏதும் இல்லை." கையெழுத்துப் போட்டேன், சீல் வைத்தேன். மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து முடித்த வேலை. அன்றைக்கு நிம்மதியாகத்தான் சாப்பிட்டேன்.

கார்த்திகை கழிந்து, காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை அழித்துவிட்டது என்று ஒருவர் மனுக் கொடுத்தார். நிலம் ஆளில்லாத கிராமத்தில் இருந்தது. பயிரைப் பார்க்கப் போய்த் திரும்பும் வழியில், சீமைக்கருவேலத்துக்கு நடுவே ஒரு மஞ்சள் சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினேன். பக்கத்தில் குட்டியாய் ஒரு பாவாடை. இறங்கி அதை நோக்கி நடந்தேன்.

பழைய பம்ப்செட் அறை அது. மேலே தகரம் போட்டு, முன்னால் ஆட்டுக்குப் பட்டி அடைத்திருந்தது. இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு பெண் வெளியே வந்தாள், இடுப்பில் நாலு வயதுக் குழந்தை. நிலத்துக்காரர் விருதுநகரில் இருக்கிறார். காவலுக்கு இருந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். மூன்று வருடமாக இருக்கிறார்கள். புருசன் ஆடு மேய்க்கப் போயிருக்கிறான். சாத்தூர்ப் பக்கம் சொந்த ஊர், மாமனாரோடு பிணக்கு, ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் நான் கேட்காமலே சொன்னாள். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

நான் யார் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "வி.ஏ.ஓ. அம்மாவா? நானே உங்களைப் பாக்க வரணும்னு இருந்தேன். பிள்ளைக்கு ஆதார் எடுக்கணும், பள்ளிக்கூடத்துல சேக்கணும். எங்கன போனாலும் முகவரி கேக்காக. இங்கனதான் இருக்கோம்னு நீங்க ஒரு சான்று எழுதித் தந்தீகன்னா போதும்."

"ஆபீஸுக்கு வா, பாப்போம்" என்றேன். ஆலையின் சுவர் அவள் தலைக்குப் பின்னால் தெரிந்தது. அவள் உள்ளே போனதும் அந்தச் சுவர் வரை எட்டுப் போட்டு நடந்து எண்ணினேன். நூறுகூட வரவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அவளுக்குச் சான்று எழுதினால் என் அறிக்கை பொய் என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி. வேலை போகும், போகாவிட்டாலும் ஒழுங்கு நடவடிக்கைக்கான பதினேழு-பி குறிப்பாணை நிச்சயம். ஆலையை மூடினால் என் கிராமத்துப் பெண்கள் சீசனில் வேலையில்லாமல் என் வாசலில் வந்து நிற்பார்கள். எழுதாவிட்டால்? நூறு எட்டுத் தூரத்தில் வெடிமருந்து கலக்கிறார்கள். இரண்டு பக்கமும் பயம். இரண்டில் எனக்குப் பெரிதாக இருந்தது வேலையைப் பற்றிய பயம்தான். இதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

அவள் வந்தாள். ஓடையைத் தாண்டி, அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். நிலத்துக்காரரிடம் கடிதம் வாங்கி வா என்றேன். வாங்கி வந்தாள். போட்டோ என்றேன். எடுத்து வந்தாள். சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். காகிதத்தில் எழுதுகிற சான்றுக்குச் சர்வர் எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. அவள் கொண்டுவந்த எதையும் நான் கையில் வாங்கிப் படிக்கவில்லை. படித்தால் தெரிந்ததாகிவிடும். ஒருமுறை, "அந்த இடம் ஆபத்தும்மா, வேற எங்கயாவது போயிருங்க" என்று மட்டும் சொன்னேன். "ஆட்டை வச்சுக்கிட்டு யாரும்மா எடம் தாரா?" என்றாள். கடைசியாக, "செவ்வாய்க்கிழமை காலையில வா" என்றேன். செவ்வாய்க்கிழமைகளில் எனக்குத் தாலுகா அலுவலகத்தில் கூட்டம். அது தெரிந்தேதான் சொன்னேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டம் பாதியில் இருக்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகுதான் சத்தம். வி.ஏ.ஓ.க்கள் எல்லோரும் போனை எடுத்தோம். என் போன் எல்லோருடையதற்கும் முன்னால் அடித்தது. என் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் போனைக் கீழே வைத்தார்கள். அந்தக் குளிர்ச்சி அவர்கள் வயிற்றில் இறங்குவது எனக்குத் தெரிந்தது.

ஸ்கூட்டரில் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. ஓடைக்கு அப்பால் வெள்ளைப் புகை நின்றது. தீயணைப்பு வண்டி எனக்கு முன்பே வந்திருந்தது. ஆலையின் சுவர் ஒரு பக்கம் இல்லை. வெளியே ஃபோர்மேன் வருகைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட, "இருக்கேன்", "இருக்கேன்" என்று அழுகையோடு பெண்கள் குரல் கொடுத்தார்கள். இரண்டு பெயர்களுக்குப் பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். அந்த இருவரும் என் கிராமத்துக்காரர்கள். அவர்களுடைய வாரிசுச் சான்றுக்கான அறிக்கையில் பின்னால் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

தாசில்தார் ஜீப்பை விட்டு இறங்கியதும் தீயணைப்பு அதிகாரி அவரிடம் கேட்டார், "சுவருக்கு வெளியே குடியிருப்பு உண்டா சார்? தேடணுமா?" தாசில்தார் என்னைப் பார்த்தார். "இல்லைன்னுதானம்மா உன் அறிக்கை?"

நான் பேசவில்லை. எவ்வளவு நேரம் பேசாமல் நின்றேன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நிமிடம் இருக்கலாம், அதற்குக் கூடவும் இருக்கலாம். தகரத்துக்கு அடியில் ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறினால் ஒரு நிமிடம் எவ்வளவு பெரிது என்று என்னை நானே இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன். பிறகு என் வாய் தானாகச் சொன்னது. "ஒரு குடும்பம் இருக்கு சார். சின்னப் பிள்ளை இருக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் நிற்கவில்லை. முன்னால் ஓடினேன், வீரர்கள் பின்னால் வந்தார்கள். பம்ப்செட் அறையின் ஆலைப் பக்கத்துச் சுவர் உள்ளே விழுந்து, அதன் மேல் தகரம் மடங்கிக் கிடந்தது.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, சத்தம் வருதான்னு பாப்போம்" என்றார் ஒரு வீரர்.

எனக்குப் பெயர் தெரியாது. எத்தனை முறை என் மேசைக்கு முன்னால் நின்றாள், நான் கேட்டதே இல்லை. "ஏம்மா! ஏம்மா!" என்று கத்தினேன். அந்தக் காட்டில் அது யாருடைய பெயரும் இல்லை. அப்போது இடிபாட்டுக்குள்ளிருந்து மெல்லிசாக ஓர் அழுகுரல் வந்தது. வீரர்கள் வெறுங்கையால் கல்லைப் புரட்டினார்கள். நானும் புரட்டினேன். தகரத்தைத் தூக்கியதும் ஓர் ஆட்டுக்குட்டி வெளியே வந்து விழுந்தது. அதற்குப் பிறகும் கல்லைத் தூக்கிக்கொண்டே இருந்தோம்.

தலையாரி அப்போதுதான் வந்து சேர்ந்தார். ஊர்ச் சனம் பூராவும் அலுவலகத்தில் கூடிவிட்டதால் அங்கே நின்றுவிட்டாராம். "யாரைத் தேடுறீக? அந்தப் பிள்ளையவா? அது காலையில இருந்து நம்ம ஆபீஸ் வாசல்லதான உக்காந்திருக்கு. இன்னைக்கு நீங்க வரச் சொன்னீகளாம்ல? புருசன் ஆட்டோட கண்மாய்க்கு அங்கிட்டுப் போயிருக்கானாம்."

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். தாசில்தாருக்கு முன்னால்தான் அழுதேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறிப்பாணை வந்தது, விசாரணை இன்னும் முடியவில்லை. ஆலையைப் பூட்டிவிட்டார்கள். வேலை போன பெண்கள் சிலர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று சாயங்காலம் அலுவலகத்துக்குத் திரும்பியபோது அவள் வாசலிலேயே இருந்தாள். குழந்தை மடியில் தூங்கியது. தலையாரி விவரம் சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும் குழந்தையைக் கீழே கிடத்திவிட்டு என் காலில் விழுந்தாள்.

"நீங்க மட்டும் இன்னைக்கு வரச் சொல்லலேன்னா நானும் பிள்ளையும் போயிருப்போம்மா. சாமி மாதிரி சொன்னீக."

அவளைத் தூக்கி நிறுத்தினேன். எதற்காக வரச் சொன்னேன் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, காகிதத்தை எடுத்து, பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னாள். குழந்தையின் பெயரைச் சொன்னாள். எழுதினேன். அடுத்து முகவரி. பேனா அங்கேயே நின்றுவிட்டது. தகரமும் கல்லுமாய் நான் புரட்டிப்போட்டு வந்த இடம் கண்ணில் நின்றது.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கம்மா" என்றாள். "அங்கனதான இருந்தோம்."